சான்று பெற்ற ஹோல்டர்

அந்த ஹோல்டருக்குச் சலூன்காரரைப் பிடிக்காது என்று சொன்னால் அது அநியாயம். அது ஆள் பார்த்து அடிப்பதில்லை. கை நீட்டியவர் யாராக இருந்தாலும், முதலாளி, வாடிக்கையாளர் என்ற வித்தியாசம் பார்க்காமல் எல்லோரையும் ஒரே மாதிரிதான் அடித்தது.

கண்ணாடிக்கும் இரண்டாவது நாற்காலிக்கும் நடுவே, சுவரிலிருந்து வளைந்து நீளும் பித்தளைக் கம்பி. அதன் நுனியில் பித்தளை ஹோல்டர், அதற்குள் ஒரு குண்டு பல்பு. கட்டடம் கட்டிய காலத்துச் சமாச்சாரம். இதற்குச் சுவரில் சுவிட்ச் கிடையாது. ஹோல்டரின் கழுத்திலேயே சின்னதாக ஒரு திருகு இருந்தது. அதைத் திருகினால்தான் விளக்கு எரியும், திருகினால்தான் அணையும். அந்தக் காலத்தில் யாருக்கும் கை ஈரமே ஆகாது போலிருக்கிறது. சலூன்காரருக்குக் காலையில் கடை திறந்தது முதல் சாத்தும் வரை ஈரக் கைதான். உள்ளே ஒயரின் உறை எங்கோ தேய்ந்துபோய், மின்சாரம் பித்தளையில் குடியேறிவிட்டது.

சலூன்காரர் எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தார். ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, கையை நன்றாகத் துடைத்து, காய்ந்த துண்டை நாலாக மடித்துத் திருகைப் பிடித்துத் திருப்புவார். பிறகு பொழுது சாயும் வரை அந்தப் பக்கமே போக மாட்டார். வருகிறவர்களுக்கு இந்த வித்தையெல்லாம் எப்படித் தெரியும்? ஒரு நாள் பலசரக்குக் கடைக்காரர் முகம் நிறைய சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர், சோம்பல் முறிக்கக் கையை விரித்தார். அடுத்த நொடி எழுந்து நின்றார். அதற்கடுத்த நொடி தெருவில் நின்றார். நுரையும் தானுமாக அவர் தன் கடை வரை நடந்து போனதைத் தெருவே பார்த்தது. மீதிச் சவரத்தை வீட்டில் முடித்துக்கொண்டதாகக் கேள்வி.

அன்றிலிருந்து இரண்டாவது நாற்காலி காலியாகவே கிடந்தது. வாடிக்கை போனதைக்கூடச் சலூன்காரர் பொறுத்துக்கொண்டிருப்பார். அவருடைய கவலை மகளைப் பற்றியது. அவள் முடி திருத்தும் தொழிலை முறையாகப் படித்து முடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். அந்த நாற்காலி அவளுக்காகவே வாங்கிப் போட்டது. தொலைவில் ஒரு பெரிய அழகு நிலையத்தில் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு அங்கே போக விருப்பமில்லை.

"ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. இது போதும்ப்பா எனக்கு" என்றாள்.

நாற்காலி இருந்தது. விளக்கும் இருந்தது, அதுதான் தொல்லை. அந்தப் பித்தளைக்குப் பக்கத்தில் மகள் ஈரக் கையோடு நிற்பதை நினைத்தாலே அவருக்கு ராத்திரித் தூக்கம் போனது. அவளை வெளியூருக்கு அனுப்புவதை நினைத்தால் அதைவிட மோசமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் மனுஷன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

மனைவியின் தம்பி எலெக்ட்ரீஷியன். அவனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவன் வாசலிலேயே நின்றுகொண்டு எட்டிப் பார்த்தான்.

"பிளாஸ்டிக் ஹோல்டர் ஒண்ணு போட்டு, சுவத்துல ஒரு சுவிட்ச் வச்சா ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிஞ்சுபோற வேலை மச்சான்" என்றான்.

"அப்ப போடு மாப்ளே."

"போடலாம். ஆனா என் லைசென்ஸ் போயிடும். இந்தக் கடைவரிசையில இருக்கிற பித்தளை ஹோல்டர் எல்லாம் பழங்காலத்துச் சாமான். ஹோல்டர் ஆபீஸ் உத்தரவில்லாம கை வைக்கக் கூடாது. நீங்க போய் ஒரு புகார் குடுத்துட்டு வந்துடுங்க. சும்மா ஒரு சம்பிரதாயம்தான்."

சலூன்காரர் செய்த தப்பு அதை நம்பியதுதான்.

ஹோல்டர் ஆபீஸ் என்று ஜனங்கள் சுருக்கமாகச் சொல்லும் பாரம்பரிய மின்விளக்குத்தாங்கிப் பாதுகாப்பு இயக்ககம், ஆற்றுப் பாலத்துக்கு எதிரே பெரிய கட்டடத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் சலூன்காரருக்குக் கண் தெரியவில்லை. கரண்ட் போயிருக்கிறது போலும் என்று நினைத்துத் திரும்பிப் போகப் பார்த்தார். வாசலில் நின்ற சிப்பந்தி அவரைப் பிடித்து நிறுத்தினார்.

"கரண்ட் எங்கேயும் போகலை. நாங்கதான் மெயினை நிறுத்தி வச்சிருக்கோம். பாதுகாப்பு முக்கியமில்லையா? இந்த ஆபீஸ் தொடங்கின நாள்லேருந்து இங்க ஒருத்தருக்குக்கூட ஷாக் அடிச்சதில்லை" என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது.

கண் பழகியதும் நிலவரம் புரிந்தது. பதவிக்குத் தகுந்தபடி ஜன்னல் ஒதுக்கியிருந்தார்கள். இயக்குநருக்கு இரண்டு ஜன்னல். அவருக்கு அடுத்தவர்களுக்கு ஆளுக்கொரு ஜன்னல். இளநிலை ஊழியர்கள் இரண்டு பேர் ஒரு ஜன்னலைப் பங்கிட்டுக்கொண்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஜன்னலே இல்லாத கடைசி வரிசையில் உட்கார்ந்து உத்தேசமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சத்தைக் காக்கும் அலுவலகத்தில் பதவி உயர்வு என்பது வெளிச்சத்தை நோக்கி நகர்வதுதான் என்று எடுத்துக்கொண்டால் அதில் ஒரு நியாயம் இருப்பதாகவும் தோன்றியது.

சலூன்காரரை முதலில் ஒரு ரப்பர் விரிப்பின் மேல் நிற்க வைத்து, வலது கையை உயர்த்தி, "தேவையில்லாத எதையும் தொட மாட்டேன்" என்று உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். பிறகு ஒரு ஆய்வாளரிடம் அனுப்பினார்கள். ஒல்லியான மனிதர், தோளில் டார்ச் விளக்கு தொங்கியது. ஆனால் அதில் பேட்டரி இல்லை, அதுவும் பாதுகாப்புக்காகத்தான்.

ஹோல்டர் அடிக்கிறது என்று சலூன்காரர் சொன்னார். ஆய்வாளர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. இத்தனை நல்ல ஹோல்டர்களைப் பற்றி ஜனங்கள் இப்படிப் பேசுகிறார்களே என்ற வருத்தம்.

"நீங்க அதைத் தொட்டீங்களா?"

"தொட்டேன் சார்."

"ஏன் தொட்டீங்க?"

"தொடாம எப்படி சார் விளக்குப் போடறது?"

"விளக்குப் போடறது வேற பிரிவு. நாங்க பாதுகாப்புப் பிரிவு" என்று ஆய்வாளர் பொறுமையாக விளக்கினார். இருந்தாலும் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாரே என்று சலூன்காரருக்கு மனம் குளிர்ந்துபோனது. திரும்பும் வழியில் மகளுக்காக ஒரு புதுச் சீப்பு வாங்கிக்கொண்டார்.

ஆய்வாளர் சொன்னபடி வந்தார். தலையில் கவசம், முழங்கை வரை ரப்பர் கையுறை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் மர முக்காலி. கடைக்குள் வந்ததும் அவர் போட்ட முதல் உத்தரவு, மெயின் சுவிட்சை நிறுத்துங்கள் என்பது. நிறுத்தினார்கள். பியூஸைக் கழற்றிக் கையில் கொடுங்கள் என்றார். கொடுத்தார்கள். அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகும், ஒயரில் மிச்சம் மீதி இருந்தால் அதுவும் வடியட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். கடைசியாக முக்காலியில் ஏறி, கையுறையைக் கழற்றி, ஹோல்டரைத் தொட்டார். ஒரு விரலால் தொட்டார், ஐந்து விரலாலும் தொட்டார், உள்ளங்கையால் தடவிக் கொடுத்தார்.

"எங்கே ஷாக்?" என்றார்.

சலூன்காரர் சுற்றும்முற்றும் பார்த்தார். விளையாட்டுக்குக் கேட்கிறாரோ என்று நினைத்து ஒரு புன்னகை செய்து வைத்தார். ஆய்வாளர் புன்னகைக்கவில்லை.

"சார், கரண்ட்டை நிறுத்திட்டா எப்படி சார் அடிக்கும்? போட்டுட்டுத் தொட்டுப் பாருங்க."

ஆய்வாளர் முக்காலியிலிருந்து இறங்கினார். இப்படி ஒரு யோசனையை ஒரு பொறுப்புள்ள குடிமகன் சொல்லக்கூடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"கரண்ட் இருக்கும்போது ஹோல்டரைத் தொடறது எவ்வளவு ஆபத்து தெரியுமா உங்களுக்கு? எங்க விதிப்புத்தகத்துல முதல் விதியே அதுதான். மின்சாரத்தை நிறுத்தாம எந்தச் சோதனையும் செய்யக் கூடாது. செஞ்சா அந்தச் சோதனை செல்லாது. நாங்களே விதியை மீறினா ஜனங்க எப்படி மதிப்பாங்க?"

அவர் சொன்னதில் எந்த இடத்தில் தப்பு என்று சலூன்காரரால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. ஆய்வாளர் ஹோல்டரின் கழுத்தில் 'பாதுகாப்பானது' என்று அச்சடித்த பச்சைத் தாளை ஒட்டி, முத்திரை குத்தி, பியூஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். தாளை ஒட்டிய இடம் சரியாகத் திருகின் மேல். அன்று மாலை அதைத் திருகும்போது சலூன்காரருக்குப் பச்சைத் தாளோடு சேர்த்து ஷாக் அடித்தது.

அவர் மறுபடியும் போய்ப் புகார் கொடுத்தார். இந்த முறை ஒரு குழுவே வந்தது. மெயினை நிறுத்தி, வரிசையில் நின்று, பதவி மூப்பின்படி ஒவ்வொருவராக ஹோல்டரைத் தொட்டார்கள். அடிக்கவில்லை என்று ஒவ்வொருவரும் உரத்த குரலில் அறிவித்தார்கள். ஒருவர் மட்டும் கன்னத்தையும் வைத்துப் பார்த்தார். அவர் பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர். இரண்டாவது பச்சைத் தாள் ஒட்டினார்கள்.

ஆனால் புகார் அப்படியே நின்றது. ஹோல்டர் மேல் தப்பில்லை என்று நிரூபணமாகிவிட்டதால், தப்பு வேறு எங்கோ இருக்க வேண்டும். குழுத் தலைவர் கடையை ஒரு நோட்டம் விட்டார். அங்கே ஹோல்டரை விட்டால் இருந்தது சலூன்காரர்தான்.

அவரை ஆபீசுக்கு அழைத்து ரப்பர் விரிப்பில் நிற்க வைத்தார்கள். எடை பார்த்தார்கள், உயரம் அளந்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள். உள்ளங்கையில் ஈரம் இருக்கிறதென்று ஒருவர் கண்டுபிடித்தார். தொழில் அப்படி என்று சலூன்காரர் சொன்னதை, ஒப்புக்கொண்டார் என்று எழுதிக்கொண்டார்கள். முடிவு இப்படி வந்தது: இவருடைய உடல்வாகு மின்சாரத்துக்கு இடம் கொடுக்கும் தன்மையுள்ளது. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பொதுமக்களின் நலன் கருதி ஒரு அறிவிப்புப் பலகை தயாரித்து, அவர்களே வந்து கடை வாசலில் அடித்துவிட்டுப் போனார்கள். 'இக்கடையின் விளக்குத்தாங்கி பாதுகாப்பானது. கடைக்காரரைத் தொடுவதில் கவனம் தேவை.'

முடி வெட்டுகிறவரைத் தொடாமல் முடி வெட்டிக்கொள்வது எப்படி என்று அதில் எழுதவில்லை. முதல் நாற்காலிக்கு வந்துகொண்டிருந்தவர்களும் பலகையைப் படித்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று நகர ஆரம்பித்தார்கள். பலசரக்குக் கடைக்காரர் மட்டும் தெருவின் எதிர்ப் பக்கம் நின்று, "நான் அன்னைக்கே நெனச்சேன், ஹோல்டர் மேல தப்பு இருக்காதுன்னு" என்று நாலு பேரிடம் சொன்னார். அரசாங்கப் பலகையைப் படித்ததும் அவருக்கு, அன்று ஷாக் அடித்து வந்த தன் தோள்பட்டை வலி மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

மைத்துனன் வந்து பலகையைப் படித்தான். உள்ளே வந்து பச்சைத் தாள்களையும் படித்தான்.

"இப்ப நிலைமை இன்னும் மோசம் மச்சான். முன்னாடி அது வெறும் பழைய ஹோல்டர். உத்தரவு வாங்கினா மாத்தியிருக்கலாம். இப்ப அது சான்று வாங்கின ஹோல்டர். பாதுகாப்பான ஹோல்டரைக் கழட்டினா பாதுகாப்பைக் கழட்டின குற்றம்."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"இனிமே புகார் மட்டும் குடுக்காதீங்க. புகார் குடுத்த ஹோல்டர் முடிவு வர்ற வரைக்கும் இருந்த இடத்துலயே இருக்கணும்னு ஒரு விதி இருக்கு. நீங்க குடுக்கக் குடுக்க அது இங்கேயே வேர் விட்டுடும்."

மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மதியம், சலூன்காரர் தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போயிருந்த நேரத்தில், மகள் இரண்டாவது நாற்காலியைத் துடைத்துவிட்டு, கை போன போக்கில் விளக்கின் திருகைத் திருகினாள். அவர் திரும்பி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. விரல் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் கத்தரி பிடிக்கும் கை அது. சலூன்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"நீ அந்த ஊருக்கே போயிடும்மா. எனக்கு நீ பக்கத்துல இல்லாட்டி பரவாயில்லை. நீ நல்லா இருந்தா போதும்" என்றார்.

மகள் ஹோல்டரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பச்சைத் தாள்களோடு, ஒரு பாவமும் அறியாததுபோல் தொங்கியது. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, புகார் குடுத்தா அது இங்கேயே இருக்கணும், சரி. பாராட்டினா?"

"என்னது?"

"நாம இதுவரைக்கும் அவங்ககிட்ட திட்டி மட்டும்தானே பேசியிருக்கோம்."

அடுத்த நாள் அவளே ஹோல்டர் ஆபீசுக்குப் போனாள். ரப்பர் விரிப்பில் நின்று உறுதிமொழியைக் கணீரென்று சொன்னாள். தன் அப்பா புகாரையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறார் என்றும், இத்தனை அதிகாரிகள் இத்தனை முறை தொட்டும் ஒரு முறைகூட அடிக்காத ஒரு ஹோல்டர் ஒரு சாதாரணச் சலூனில் யாருக்கும் தெரியாமல் கிடப்பது இயக்ககத்துக்கே அவமானம் என்றும், அதற்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். ஆய்வாளருக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. அவருடைய பணிக்காலத்தில் அந்தக் கட்டடத்துக்குள் வந்து யாரும் பாராட்டியதில்லை. அவர் அவளை இரண்டு ஜன்னல் அறைக்கே அழைத்துப் போனார்.

இயக்குநர் கனத்த உடம்பும் இனிமையான குரலும் உள்ளவர். மேடை என்றால் உயிர். ஆனால் ஹோல்டர் ஆபீசை எந்த மேடைக்கும் யாரும் கூப்பிடுவதில்லை. அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவர் மனதுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார் என்பது உதடு அசைந்ததிலிருந்து தெரிந்தது.

விழா கடை வாசலில் நடந்தது. பந்தலும் நாடாவும் கட்டினார்கள். பாதுகாப்பை முன்னிட்டுத் தெரு முழுக்க மின்சாரத்தை நிறுத்தியதால் மைக் வேலை செய்யவில்லை. அதனால் இயக்குநர் தொண்டையை நம்பியே பேசினார். முன்வரிசைக்குக் கேட்டது. பின்வரிசைக்காரர்கள் முன்வரிசையைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

"எங்கள் இயக்ககம் தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் சோதித்த எந்த விளக்குத்தாங்கியும் எங்களை அடித்ததில்லை. இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அடித்ததாகச் சொன்னவர்கள் எல்லோருமே பொதுமக்கள். பொதுமக்களுக்கும் எங்களுக்கும் என்ன வேறுபாடு? அவர்கள் மின்சாரம் இருக்கும்போது விளக்கைப் பயன்படுத்துகிறார்கள். இந்தப் பழக்கத்தை மட்டும் அவர்கள் விட்டுவிட்டால், விபத்தில்லாத சமுதாயம் வெகு தூரத்தில் இல்லை."

பெரிய கைதட்டல். சலூன்காரரும் தட்டினார். தட்டிய பிறகுதான் என்ன சொன்னார் என்று யோசித்தார்.

பிறகு ஆய்வாளர் முக்காலியில் ஏறி, ஹோல்டரைப் பித்தளைக் கம்பியோடு சுவரிலிருந்து கழற்றி, வெல்வெட் விரித்த பெட்டியில் வைத்தார். 'ஆண்டின் சிறந்த விளக்குத்தாங்கி' என்று பெட்டியில் எழுதியிருந்தது. அது இனி இயக்குநரின் மேஜைக்கு மேலேயே பொருத்தப்படும் என்றும், வருகிறவர்கள் பார்க்க எப்போதும் ஒளிவீசும் என்றும், அதற்காகவே அந்த அறைக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கச் சிறப்பு உத்தரவு பிறப்பித்திருப்பதாகவும் இயக்குநர் அறிவித்தார். வாசல் பலகையையும் அவர்களே பிடுங்கிக்கொண்டு போனார்கள். பாதுகாப்பான விளக்குத்தாங்கி இல்லாத கடையில் அந்தப் பலகைக்கு வேலையில்லையாம்.

பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே மைத்துனன் பையோடு உள்ளே புகுந்துவிட்டான். உத்தரவு வாங்கியாயிற்றா என்று அவனும் கேட்கவில்லை, சலூன்காரரும் பேச்சை எடுக்கவில்லை. பழைய ஹோல்டர் இருந்த இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் ஹோல்டர் ஒன்று வந்தது. கதவுக்குப் பக்கத்தில், ஈரக் கைக்கு எட்டாத இடத்தில், ஒரு சுவிட்ச் வந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம் என்று அவன் சொன்னது சரிதான், டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. தெருவுக்குக் கரண்ட் திரும்பியதும் மகள் சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரிந்தது. அவள் அழகு நிலையத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாவது நாற்காலிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவள் கை வேகம். பலசரக்குக் கடைக்காரர்கூட ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். கையை மட்டும் கடைசி வரை மடியிலிருந்து எடுக்கவில்லை. சலூன்காரர் முதல் நாற்காலியில் வேலை பார்த்துக்கொண்டே கண்ணாடியில் மகளைப் பார்ப்பார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் ஒரு அசட்டு நல்ல மனுஷன். சந்தோஷம் ஒரு வாரம் தாங்குவதற்குள் மனசாட்சி உறுத்த ஆரம்பித்துவிட்டது. அந்தப் பித்தளை அங்கே யாரையாவது அடித்தே தீருமே என்று சொல்லிப் புலம்பினார். நல்ல காரியத்தைக் கெடுத்துவிடாதீர்கள் என்று மைத்துனன் கெஞ்சினான். மகள் மட்டும், போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், அதுதான் சரி என்றாள்.

இயக்குநரின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே மேஜையைக் காணோம். மேஜை ஜன்னலோரத்துக்குப் போயிருந்தது. இயக்குநர் ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டி உட்கார்ந்து கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலில் ரப்பர் பூட்ஸ். சலூன்காரரைக் கண்டதும் சிப்பந்தியை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"இது உங்க கடையில இருந்தப்போ எப்படி நடந்துக்கும்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"அடிக்கும் சார்."

"அடிக்காது. சான்று இருக்கு." இயக்குநர் கதவைப் பார்த்தார், ஹோல்டரைப் பார்த்தார். "எது வரைக்கும் அடிக்கும்?"

"முழங்கை வரைக்கும் வரும் சார்."

"தோள்பட்டை வரைக்கும் வருது" என்றார் இயக்குநர்.

சலூன்காரருக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. கழற்றிவிடலாமே சார் என்றார். அது எப்படி முடியும் என்று கேட்டு இயக்குநர் விவரமாகச் சொன்னார். பரிசு கொடுப்பதற்கு அல்லாமல் பாதுகாப்பான ஹோல்டரைக் கழற்ற விதியில் இடமில்லை, பரிசும் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. புகார் கொடுக்கலாம் என்றால், ஆய்வாளர் மெயினை நிறுத்திவிட்டு வந்து தொட்டுப் பார்த்து மூன்றாவது பச்சைத் தாள் ஒட்டுவார். அதன் பிறகு இயக்குநரை ரப்பர் விரிப்பில் நிற்க வைத்து எடை பார்ப்பார்கள். வாசலில் பலகை வைப்பார்கள். அந்தப் பலகையின் வாசகத்துக்கு ஒப்புதல் அளித்ததே அவர்தான் என்பதால் அது அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

சலூன்காரர் தன்னால் முடிந்த உதவியைச் செய்தார். காய்ந்த துண்டை நாலாக மடிப்பது எப்படி, எந்தக் கையால் பிடிப்பது, எந்தப் பக்கம் திருகுவது என்று செய்து காட்டினார். இயக்குநர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, இருக்கையின் முதுகில் கிடந்த தன் துண்டை மடித்துப் பார்த்தார். முதல் தடவை கோணலாக வந்தது.

அதற்கடுத்த வாரம், கூட்டமில்லாத ஒரு முற்பகலில், இயக்குநர் சலூனுக்கு வந்தார். முதல் நாற்காலியில் ஆள் இருந்தது. மகள் இரண்டாவது நாற்காலியைத் தட்டிவிட்டு, "உட்காருங்க சார்" என்றாள். அவர் உட்கார்ந்து, துணி போர்த்திக்கொண்டு, நிமிர்ந்து பார்த்தார். நேரே கண்ணில் பட்டது வெள்ளை ஹோல்டர். உத்தரவில்லாமல் போட்ட ஹோல்டர். சலூன்காரரின் கத்தரி அந்தரத்தில் நின்றது. கடைக்குச் சீல் வைப்பார்கள், மைத்துனனின் லைசென்ஸ் போகும், மகள் பெட்டியைக் கட்டுவாள். எல்லாம் அவர் கண் முன்னால் வந்துவிட்டது.

"இது எந்த ஹோல்டர்?" என்றார் இயக்குநர். விளக்குத்தாங்கி என்று சொல்லக்கூட மறந்துவிட்டார்.

"சோதிச்ச ஹோல்டர்தான் சார்" என்றாள் மகள்.

"யார் சோதிச்சது?"

"நாங்கதான். கரண்ட் இருக்கும்போதே. தினமும்."

இயக்குநர் துணிக்கு அடியிலிருந்து ஒரு கையை வெளியே எடுத்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் விரலை நீட்டினார், இழுத்துக்கொண்டார், மறுபடி நீட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததை அவர் நம்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது. விரலை எடுக்க மனமில்லாதவர்போல் அங்கேயே வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய பணிக்காலத்திலேயே அவர் செய்த முதல் சோதனை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு கையைத் துணிக்குள் இழுத்துக்கொண்டார்.

"விதிப்படி இந்தச் சோதனை செல்லாது. அதனால நான் எதையும் பார்க்கலை" என்றார். "கிருதாவைக் கொஞ்சம் குறைச்சுடும்மா."

மகள் குறைத்தாள். சலூன்காரரின் கத்தரியும் மறுபடி ஓட ஆரம்பித்தது. வேலை முடிந்து, முகம் துடைத்து, வாசல் வரை போன இயக்குநர் அங்கிருந்து திரும்பி வந்தார். சலூன்காரரின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இந்த வெள்ளை ஹோல்டரைப் போட்டவர், லீவு நாள்ல வேலைக்கு வருவாரா?"

"என் மச்சான்தான் சார், வருவான். ஆனா மெயினை நிறுத்தினாத்தான் ஹோல்டர்ல கை வைப்பான்."

"அது ரொம்ப நல்ல விதி" என்றார் இயக்குநர். இந்த முறை மனதாரச் சொன்னார்.